வீட்டில் தோல் வேலை பழக: கருவி, தோல், கடை

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் தோலில் பர்ஸ், பெல்ட் செய்து பழக ஆசை. ஆன்லைனில் 40 கருவிகள் உள்ள ஒரு கிட் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? நல்ல தோல் எங்கே கிடைக்கும்? வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் இருக்கிறது, அது போதுமா? அப்பாவுக்கு என் கையால் ஒரு பெல்ட் செய்து தர வேண்டும்." கேள்விகள் மூன்று, ஆசை ஒன்று. ஆனால் நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: தெரியாத சந்தைக்குள் பணத்தோடு போய் ஏமாந்து நிற்கக் கூடாதே என்பது. கடைப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அந்தப் பயம் போகாது. கையில் எடுத்த தோல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்தால்தான் போகும். அதனால் கருவியைக் கொஞ்சமாகவும் தோலைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சேம்பிள் அறையில் 19 வருஷம் வேலை பார்த்தவன். பை, பர்ஸ், பெல்ட், கடிகார வார், இவைதான் என் உலகம். செருப்பு, ஷூ வேலை தனிக் கலை, அதில் நான் கை வைத்ததில்லை. தோலில் பூவும் கொடியும் செதுக்கும் வேலையும் என் பழக்கத்தில் இல்லை. அந்த இரண்டையும் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. விலையும் எழுதவில்லை. தோல் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிற சரக்கு. இன்று நான் எழுதும் எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த தீபாவளிக்குக் கடைக்காரரிடம் சண்டை போடக் கூடாது.

முதலில் கிட். வேண்டாம். அதில் பாதிக்கு மேல் பூ அச்சு, நட்சத்திர அச்சு போன்ற முத்திரைக் கருவிகள். பர்ஸும் பெல்ட்டும் செய்கிறவருக்கு அவை தேவையே இல்லை. மீதியில் ஓரம் சீவும் கருவி மொட்டையாக வரும், தையல் துளை போடும் உளியின் பற்கள் சொரசொரப்பாக வரும், கூடவே தரும் நூல் வழவழவென்று மெழுகு அப்பி இருக்கும். புதிதாகப் பழகுகிறவர் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டி, 'நமக்குக் கை வரவில்லை' என்று நினைத்து விட்டுவிடுகிறார். கை வராமல் இல்லை. கூர் இல்லாத கருவியை வைத்துக்கொண்டு எந்தக் கையும் ஒன்றும் செய்ய முடியாது.

அதே பணத்தில் தனித்தனியாக வாங்க வேண்டியவை இவ்வளவுதான். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 18 மி.மீ. பிளேடு கட்டர் ஒன்று. நுனியை உடைத்து உடைத்துப் புதுக் கூர் எடுக்கும் வகை. 30 செ.மீ. எஃகு ஸ்கேல். வெட்டுவதற்கு ஒரு கட்டிங் மேட். தையல் துளை உளி இரண்டு, ஒன்று 2 பல், மற்றது 4 அல்லது 6 பல், இரண்டும் 4 மி.மீ. இடைவெளியில் ஒரே கம்பெனியினுடையதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வளைவில் தையல் பிசகும். நைலான் அல்லது மரச் சுத்தியல், ஏனென்றால் இரும்புச் சுத்தியால் உளியை அடித்தால் உளியின் தலை நசுங்கும். முனை மழுங்கிய தையல் ஊசி நாலைந்து. ஓரத்திலிருந்து ஒரே அளவில் கோடு இழுக்க, முனையைத் திருகி நிறுத்தும் காம்பஸ். ஓரம் சீவும் கருவி ஒன்று. தோலை ஓரத்தில் மெலிதாக்கும் சீவு கத்தி ஒன்று. ஓரம் தேய்க்க மரக்கட்டை, இல்லையென்றால் பழைய ஜீன்ஸ் துணி. தைக்கும்போது பிடித்துக்கொள்ள மரக்கிடுக்கி விற்கிறார்கள், ஆனால் முதல் ஆறு மாதம் முழங்கால்களுக்கு இடையே பிடித்தே தைக்கலாம். நாங்கள் பழகியது அப்படித்தான்.

அடித்தளத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். சமையல் மேடைக்குப் போட்டது போக மிஞ்சிய கிரானைட் துண்டு எந்த மார்பிள் கடையிலும் ஓரமாகக் கிடக்கும், ஓர் அடிக்கு ஓர் அடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் காய்கறி நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை, அதன் மேல் தோல். கல்லின் கனம் அடியை வாங்கிக்கொள்ளும், உளி ஒரே அடியில் இறங்கும், சத்தமும் குறையும். அடுக்குமாடியில் இருந்தால் மேஜையின் நடுவில் வைத்து அடிக்காமல் மேஜைக் காலுக்கு நேர் மேலே வைத்து அடியுங்கள், அதிர்வு பாதியாகும். கல்லுக்கும் பலகைக்கும் இடையே ஒரு பழைய ரப்பர் பாயைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வர மாட்டார்.

விலை குறைந்த உளி வாங்கினாலும் அதைத் தேற்ற ஒரு வழி இருக்கிறது. உளியைத் தோலில் அடித்த பிறகு வெளியே வராமல் சிக்கிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. காரணம், பற்களின் பக்கவாட்டில் இருக்கும் நுண்ணிய கீறல்கள். 600 நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி இரண்டு பற்களுக்கு நடுவே நுழைத்து, பல் துலக்குவது போல முன்னும் பின்னும் இழுங்கள். அப்புறம் 1000 நம்பர். கடைசியாகப் பச்சை மெருகுக் கட்டியைத் தடவிய ஒரு தோல் வாரை அதே இடைவெளியில் இழுங்கள். அரை மணி நேர வேலை. ஒவ்வொரு முறை அடிப்பதற்கு முன்பும் உளியைத் தேன்மெழுகுக் கட்டியில் ஒரு தடவை குத்தி எடுங்கள். இவ்வளவும் செய்தால் மலிவு உளியும் வெண்ணெயில் இறங்கியது போல இறங்கி வெளியே வரும்.

சீவு கத்திக்கும் அதே கதைதான். புதுக் கத்தி கூராக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்லில் தீட்டி, பச்சை மெருகு தடவிய தோலில் இருபது முப்பது தடவை பின்பக்கமாக இழுத்து, உங்கள் முன்கையில் ஒரு முடியை வழித்துப் பாருங்கள். வழித்தால் தோலும் சீவும். வழிக்காவிட்டால் தோலைக் கிழிக்கும், அழுத்தம் கூடக் கூட உங்கள் விரலையும் கிழிக்கும். இந்த வேலையில் காயம் பெரும்பாலும் மழுங்கிய கத்தியால்தான் வருகிறது.

இனி தோல். பதனிடும் முறையை வைத்துப் பார்த்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்பில் ஊறிப் பதமாகும் வெஜ் டான் ஒன்று. குரோமிய உப்பில் பதமாகும் குரோம் தோல் இன்னொன்று. உலகத்தில் இன்று செய்யப்படும் தோலில் பெரும்பகுதி குரோம்தான். ஒரு நாளில் வேலை முடியும், தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்கும். வெஜ் டானுக்குப் பல வாரம் பிடிக்கும். ஆனால் கையால் வேலை செய்கிறவருக்கு அது தரும் வசதியைக் குரோம் தராது. நனைத்து வளைத்தால் வளைந்தபடி நிற்கும், ஓரத்தைத் தேய்த்தால் நார்கள் அமுங்கிக் கண்ணாடி போல ஒட்டிக்கொள்ளும், வெயிலும் கைப்பட்ட எண்ணெயும் சேரச் சேர நிறம் ஆழமாகும். குரோம் தோலின் நார் ஸ்பிரிங் மாதிரி, எவ்வளவு தேய்த்தாலும் எழுந்து நிற்கும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காய் ஏற்றிய நம் ஊர் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஒரு காலத்தில் மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று அதற்குப் பெயர். வியாபாரத்தில் இன்றும் ஈ.ஐ. என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் மரச் சாறு பெருமளவு பிடித்துக்கொண்டது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. இத்தனையும் பக்கத்தில் இருக்க, முதல் பர்ஸுக்கே இத்தாலித் தோலை வரவழைத்து, அதற்குச் சுங்க வரியும் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நம் ஈ.ஐ. கிரஸ்ட், அதாவது பதனிட்டுக் காயவைத்து, மேல் மெருகு கொடுக்காத தோல், பெரும்பாலும் மென்மையான, கனம் குறைந்த சரக்கு. பர்ஸின் உள் அறைகளுக்கும் புத்தக உறைக்கும் அருமை. பெல்ட்டுக்கு அது ஆகாது.

கடைக்காரர் "வெஜ் டான்தான் சார்" என்று சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது? முதலில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். வெஜ் டான் உள்ளே வரை ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பல சமயம் நீலச் சாம்பல் கோடு தெரியும். ஆனால் சாயம் முழுக்க ஊடுருவியிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. மூக்கும் உதவும், வெஜ் டானில் பட்டைக் கஷாய வாடை அடிக்கும். இதெல்லாம் குறிப்புகள்தான், உறுதி இல்லை.

ஒரு சின்னத் துண்டு வாங்கி வீட்டில் செய்யக்கூடிய சோதனை இரண்டு உண்டு. உள்பக்கத்தை நனைத்து, அதன் மேல் ஓர் இரும்பு ஆணியை வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஆணி கிடந்த இடத்தில் மை போலக் கறுப்பாகப் பதிந்திருந்தால் தோலில் துவர்ப்பு இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். ஆனால் இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. குரோமில் பதனிட்ட தோலையும் பிறகு வாட்டில் போன்ற சாற்றில் ஊறவைப்பது வழக்கம், அதுவும் கறுக்கும். அதனால் அடுத்த சோதனையும் வேண்டும். ஒரு விரல் அகலத் துண்டின் ஓரங்களைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். வெஜ் டான் சுருண்டு, சுருங்கி, ஆறியதும் அப்பளம் போல விறைத்துவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் ஏறக்குறைய போட்டபடியே வெளியே வரும். ஆணியில் கறுத்து, கொதிநீரிலும் சுருங்காமல் இருந்தால் அது இரண்டும் கலந்த சரக்கு. கெட்டது இல்லை, ஆனால் ஓரம் மெருகேறும் என்று நம்பி வாங்காதீர்கள். தோலை எரித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. குரோம் தோல் எரிந்த புகையும் சாம்பலும் உடம்புக்கு நல்லதில்லை, அதை வீட்டில் செய்ய வேண்டாம்.

ஆணிச் சோதனையிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஈரமான வெஜ் டானின் மேல் இரும்புச் சாமானை வைக்கக் கூடாது. ஈரக் கையில் ஒட்டிய இரும்புத் தூள்கூடக் கறுப்புப் புள்ளியாக விழும். விழுந்துவிட்டால் உடனே எலுமிச்சைச் சாற்றைத் துணியில் தொட்டு ஒற்றித் துடையுங்கள், பெரும்பாலும் போய்விடும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். தோல் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. தோலை இரண்டாகப் பிளந்தால் மேல் அடுக்கில்தான் உயிர். அடி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஒட்டி விற்றால் அதுவும் தோல்தான், ஆனால் இரண்டு வருஷத்தில் பெல்ட் துளைக்குப் பக்கத்தில் உரிய ஆரம்பிக்கும். மேல்முகத்தைத் தேய்த்துத் தழும்புகளை மறைத்து, பூச்சும் போலி ரோமக்கால் அச்சும் கொடுத்தால் அது கரெக்டட் கிரெய்ன். மேல்முகம் சேதப்படாமல் அப்படியே இருப்பது ஃபுல் கிரெய்ன். ஃபுல் கிரெய்னில் உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, நரம்பு ஓடிய தடம் எல்லாம் இருக்கும். அவற்றைக் குறை என்று பார்க்காதீர்கள். முழுத் தோலும் தொட்டால் ஒரே மாதிரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கும் இடம் என்றால் சென்னை பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் தோல், பக்கிள், ஜிப், நூல், பசை எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய தோலும், நிறம் ஒத்துப்போகாமல் கழித்த தோலும் இங்கே வரும். பொழுதுபோக்காகச் செய்கிறவருக்கு இந்த மிச்சச் சரக்கு பெரிய வரம், ஏனென்றால் நிறம் ஒரு மாற்றுக் குறைந்தால் உங்கள் பர்ஸுக்கு என்ன நஷ்டம்? வார நாளில் காலையில் போங்கள், கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். முதல் தடவையே 'இரண்டு சதுர அடி வெட்டிக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள், பலர் வெட்டித் தர மாட்டார்கள். முழு ஆட்டுத் தோலாகக் கேளுங்கள், நாலைந்து சதுர அடிதான் இருக்கும், பயந்துவிட வேண்டிய தொகை இல்லை.

தோலைத் திருப்பினால் ஓரத்தில் ஓர் எண் எழுதியிருக்கும் அல்லது முத்திரை குத்தியிருக்கும். பெரிதாக 14, அதன் தலையில் சின்னதாக 2 என்று இருந்தால் பதினாலேகால் என்றோ 142 என்றோ படித்துவிடாதீர்கள். சின்ன எண் காலளவைக் குறிக்கும். 2 என்றால் இரண்டு கால், ஆக பதினாலரைச் சதுர அடி. தலையில் 3 இருந்தால் பதினாலே முக்கால். இதைத் தெரிந்துகொண்டு போய் எண்ணைச் சரியாகப் படித்துச் சொன்னீர்கள் என்றால், கடைக்காரர் உங்களிடம் பேசும் தொனியே கொஞ்சம் மாறும்.

பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். மேல்முகம் உள்பக்கம் வரும்படி மடித்துப் பாருங்கள். மெல்லிய, நெருக்கமான சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். தோல் உரிந்து எழுவது போலக் கொழகொழவென்று பெரிய மடிப்பு விழுந்தால் மேல்முகம் தளர்ந்துவிட்டது. வெள்ளைத் துணியை ஈரமாக்கிப் பத்துத் தடவை தேயுங்கள், சாயம் ஒட்டினால் நாளைக்கு வெள்ளைச் சட்டையிலும் ஒட்டும். திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள், உரித்தவரின் கத்தி பட்ட பள்ளங்கள் தெரியும். கடைசியாக, வயிற்றுப் பகுதியையும் முதுகுப் பகுதியையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். முதுகு இறுக்கமாக நிற்கும். வயிறு ரப்பர் மாதிரி இழுபடும்.

இந்தக் கடைசிச் சோதனையை நான் கற்றது நஷ்டப்பட்டுத்தான். சொந்தமாகச் செய்ய ஆரம்பித்த புதிதில் ஒரு கடையில் சுருட்டி வைத்திருந்த தோலை விரிக்காமலே மலிவு என்று வாங்கி வந்தேன். வீட்டில் விரித்தால் பாதிக்கு மேல் வயிறு. அதில் ஆறு பெல்ட் வெட்டினேன். மூன்றாவது மாதம் போட்டவர்கள் ஒவ்வொருவராக, "ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருக்கிறது" என்றார்கள். தோலில் எந்தக் கோளாறும் இல்லை. வயிற்றில் பெல்ட் வெட்டியது என் தப்பு. அன்றிலிருந்து தரையில் முழுசாக விரிக்காமல் எந்தத் தோலுக்கும் பணம் கொடுத்ததில்லை. விரிக்க இடமில்லை என்று கடைக்காரர் சொன்னால் கடை வாசலில் விரித்துப் பார்த்திருக்கிறேன்.

கோவையிலிருந்து சென்னை தூரம் என்றால் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி மூன்றிலும் பதனிடும் ஆலைகள் உண்டு, திண்டுக்கல்லில் ஆட்டுத் தோல் அதிகம். ஆனால் ஆலைகள் மொத்த வியாபாரம் செய்பவை, ஒற்றைத் தோலுக்குப் போய் நின்றால் மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கதை வேறு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ தோல் நிறையக் கிடைக்கும், பெரும்பாலும் குரோம். தடித்த வெஜ் டானுக்கு வடக்கே கான்பூர்தான் பேர் போனது. குதிரைச் சேணம், கடிவாள வார் செய்து பழகிய ஊர், எருமைத் தோலை 3, 4 மி.மீ. தடிமனில் அங்கே நன்றாகப் பதனிடுகிறார்கள். பெல்ட்டுக்காகவே நீளவாக்கில் வெட்டிய பட்டைகளை ஆன்லைனில் விற்கிறார்கள். உங்கள் முதல் பெல்ட்டுக்கு நான் சொல்வது அதைத்தான். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் எந்தத் தோல், மி.மீ. தடிமன், வெஜ் டானா குரோமா, உடம்பின் எந்தப் பகுதி, இந்த நான்கையும் எழுதாத கடையில் வாங்காதீர்கள். மாதிரித் துண்டு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்புகிற கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தடிமன்தான் புதியவர்கள் கோட்டை விடும் இடம். பர்ஸின் உள் அறைகளுக்கு 0.8 முதல் 1 மி.மீ., வெளிப்பக்கத்துக்கு 1.2 முதல் 1.5, பைக்கு 2 சுமார், ஒற்றை அடுக்குப் பெல்ட்டுக்கு 3 முதல் 4. ஆறு அடுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக வரும் பர்ஸ் முழுவதையும் 1.5 மி.மீ. தோலில் செய்தால் அது செங்கல் போல இருக்கும், சட்டைப் பையில் போகாது. தோல் வாங்கும்போதே 'இதை 1 மி.மீ.க்கு ஸ்ப்ளிட் செய்ய வேண்டும், யார் செய்வார்கள்?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மிஷினில் பத்து நிமிடம். கையால் முழுத் தோலையும் மெலிதாக்க நினைக்காதீர்கள்.

தையல் மிஷின் விஷயம். அம்மாவின் மிஷினில் 1 மி.மீ. ஆட்டுத் தோல் இரண்டு அடுக்கு, தோலுக்கென்று விற்கும் ஊசியைப் போட்டு, நீளத் தையலாக, மெதுவாகச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பெல்ட் தைக்கப் போனால் ஊசி உடையும், டைமிங் போகும், அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்க மிஷின் இருக்காது. அதோடு கைத்தையல்தான் உறுதி. ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் நுழைத்துத் தைக்கிறோம். எங்காவது ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கத்து நூல் பிடித்துக்கொண்டிருக்கும். மிஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் அங்கிருந்து பிரிந்துகொண்டே போகும். எந்த ஊசி முதலில் நுழைகிறதோ, கடைசி வரை அதுவே முதலில் நுழைய வேண்டும், நூல் ஒரே பக்கம் விழ வேண்டும். தையல் சாய்வாக, அழகாக வருவதற்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. நூல் நீளம் தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுங்கள். பர்ஸுக்கு 0.6 மி.மீ., பெல்ட்டுக்கு 0.8 மி.மீ. மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல் போதும். முடிவில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, ஒட்ட வெட்டி, லைட்டரால் நுனியை உருக்கி அழுத்திவிடுங்கள்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் வகை எடுங்கள், தச்சர்கள் சன்மைக்கா ஒட்டப் பயன்படுத்துவது. இரு பக்கமும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், அந்த வாடை தலைக்கு ஏறும்.

ஒரு பொருள் கையால் செய்ததா, நன்றாகச் செய்ததா என்பதை ஓரத்தில்தான் பார்க்கிறார்கள். அடுக்குகள் சமமாகும்படி வெட்டி, இரு பக்க விளிம்பையும் சீவி, 220, 400, 600 என்று உப்புத்தாளில் தேய்த்து, ஓரத்தை மட்டும் லேசாக ஈரமாக்குங்கள். வெறும் தண்ணீரே போதும், சி.எம்.சி. என்று விற்கும் செல்லுலோஸ் பசைத் தூளைக் கூழாகக் கரைத்துத் தடவினால் இன்னும் நன்றாக அமுங்கும். பிறகு மரக்கட்டையால் வேகமாகத் தேயுங்கள். முதலில் இழுக்கும், சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் கட்டை வழுக்க ஆரம்பிக்கும், ஓரம் அடர்ந்த பழுப்பாகிப் பளபளக்கும். அந்த வழுக்கல் வந்ததும் நிறுத்தித் தேன்மெழுகு தடவி இன்னொரு சுற்று. குரோம் தோலுக்கு இந்தப் பாடு வீண், அதற்கு ஓரப் பெயின்ட்தான், மெலிதாக மூன்று நான்கு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட்டு உப்புத்தாள்.

முடித்த பொருளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். குளிரில் உறையும், நாளானால் சிக்கு வாடை வரும். தோலுக்கென்று விற்கும் மாட்டுக்கால் எண்ணெயை, நீட்ஸ்ஃபுட் என்று கேட்டால் கொடுப்பார்கள், துணியில் நாலு சொட்டு விட்டு ஒரு தடவை துடைத்து இரவு முழுக்க விடுங்கள், அவ்வளவுதான். மிச்சத் தோலைப் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஐப்பசி மழைக்குப் பூஞ்சை பூத்துவிடும். பழைய வேட்டியில் சுற்றிக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். பூத்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள், வெயிலில் போடாதீர்கள்.

முதல் வேலையாகச் சாவி வார், இரண்டாவதாக இரண்டு அறை உள்ள கார்டு உறை, அதற்குப் பிறகு பர்ஸ். ஏ.டி.எம். கார்டு 85.6 மி.மீ.க்கு 54 மி.மீ., தையலுக்கும் தாராளத்துக்கும் சேர்த்து அகலம் 100 மி.மீ. வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பர்ஸ் வரைபடங்கள் பெரும்பாலும் டாலருக்காகப் போட்டவை. டாலரின் உயரமும் நம் புது 500 ரூபாய் நோட்டின் உயரமும் 66 மி.மீ.தான், அதனால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் பழைய 100 ரூபாய் நோட்டு 73 மி.மீ. உயரம், இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, டாலர் பர்ஸில் தலை வெளியே நீட்டும். நோட்டு அறையின் உள் ஆழம் 80 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் வெட்டும் முன் ஒரு தடவை காலண்டர் அட்டையில் வெட்டி, ஒட்டி, நோட்டைப் போட்டுப் பாருங்கள்.

அப்பாவின் பெல்ட்டுக்கு இரண்டு மாதம் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் சாவி வாரும் கார்டு உறையும் முடிந்து கை பழகியிருக்கும். பேன்ட் சைஸை வைத்து வெட்டாதீர்கள், அவர் உண்மையில் பெல்ட் போடும் அளவு அதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாகவே இருக்கும். அவருடைய பழைய பெல்ட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்து, பக்கிள் கம்பியில் தோல் மடியும் இடத்திலிருந்து அவர் வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்துகொள்ளுங்கள். அந்தத் துளையைச் சுற்றி நீள்வட்டமாக இழுபட்டிருக்கும், பார்த்ததும் தெரியும். அதை நடுத் துளையாக வைத்து இரு பக்கமும் இரண்டிரண்டாக, ஓர் அங்குல இடைவெளியில் மொத்தம் ஐந்து துளை. நுனிக்கு ஒரு சாண் விடுங்கள், மறு பக்கம் பக்கிள் மடிப்புக்கு நாலு விரல் சேருங்கள். அகலம் 35 மி.மீ. பெரும்பாலான பேன்ட் வளையங்களில் போகும், ஆனால் அவருடைய வேட்டி பெல்ட்டா பேன்ட் பெல்ட்டா என்று நீங்கள் எழுதவில்லை, அதை மட்டும் முதலில் பார்த்துவிட்டுத் தோல் வாங்குங்கள்.